இடப்பக்கம், மேல்வரிசை, ஐந்தாவது பல்

என் மருமகள் பல் மருத்துவர். அவள் கேட்டுக்கொண்டதால் இந்தக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பிரதி எடுத்து வைக்கிறேன். நானும் அவளுடைய அப்பாவும், அதாவது என் சம்பந்தியும், இந்த வருடம் பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை எழுதிக்கொண்டவை இவை. தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. எனக்கு வாய் சரியாக வராது.

படிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. ஆறு வருடத்துக்கு முன் மருமகள் வேர் சிகிச்சை செய்து, உள்ளே உலோகக் கம்பி வைத்து, மேலே கேப் போட்ட என் பல், பிப்ரவரி மூன்றாம் தேதி வறுத்த வேர்க்கடலை கடித்தபோது வலித்தது.

2. அதை நான் மருமகளிடம் சொல்லவில்லை. அவள் மனம் நோகக்கூடாது என்பதே காரணம்.

3. சம்பந்தியிடம் ஓர் உதவி கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை.

4. சம்பந்தி அதைத் தவறாகப் புரிந்துகொண்டார். அதில் அவர் பிழை பாதி, என் பிழை பாதி. எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தால் என் பங்கு முக்கால் இருக்கும்.

5. பல் என்ன ஆயிற்று என்பது கடைசிக்கு முந்தைய கடிதத்தில் இருக்கிறது.

*

நான் சம்பந்திக்கு, பிப்ரவரி 9

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மகன், மருமகள், நான் மூவரும் நலம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சம்பந்தி அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா?

ஒரு நல்ல செய்தி. ஜூலையில் நடக்கும் பல் மருத்துவர்கள் மாநாட்டில் பேச மருமகளை அழைத்திருக்கிறார்கள். வேர் சிகிச்சை செய்த பல்லில் வேர் விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தலைப்பு. அது லேசுப்பட்ட காரியம் இல்லையாம். பல் வெளியே முழுசாக இருக்கும். ஈறுக்குள் வேர் நெடுக்காகப் பிளந்திருக்கும். எக்ஸ்ரேயில்கூடப் பெரும்பாலும் அந்தக் கோடு தெரியாதாம். எனக்கு இது புரிகிறது. குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் நிலத்தடிக் குழாய்க் கசிவு தேடியவன் நான். மேலே சாலை நன்றாகத்தான் இருக்கும்.

விரிசல் விட்ட இருபது பற்களைக் காட்டிவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க விரிசல் இல்லாத ஒரு பல்லையும் காட்டப் போகிறாள். அது என் பல். கிளினிக் திறந்த வருடம் அவள் எனக்குச் செய்த அதே பல். அதன் எக்ஸ்ரே காத்திருப்போர் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

தங்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். வேறு யாருடைய பல்லையாவது காட்டச் சொல்லித் தாங்கள் ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல முடியுமா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். எனக்குக் கூச்சம். வேறொன்றும் இல்லை.

இப்போதெல்லாம் நான் முன்கூட்டியே தனியாகச் சாப்பிட்டுவிடுகிறேன். அதனால் யாருக்கும் சிரமம் இல்லை.

அனைவருக்கும் என் விசாரிப்புகள்.

தங்கள்
சம்பந்தி

*

சம்பந்தி எனக்கு, பிப்ரவரி 20

என் அருமைச் சம்பந்திக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம். முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் தன் கருத்தைச் சொல்கிறது. மற்ற நேரம் மௌனம்.

என் பெண் மேடையில் பேசப் போகிறாள் என்பதை இந்தத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த தெருவுக்கு என் மனைவி போயிருக்கிறாள். இந்த நேரத்தில் தங்கள் பல்லை எடுக்கச் சொல்வதா? மன்னிக்கவும், அது முடியாது. பல்லுக்கு என்ன சம்பந்தி கூச்சம்? அது மேலே சட்டை போட்டுக்கொண்டுதானே வருகிறது, கேப் என்று. மாமனார் பல்லை மருமகள் மேடையில் காட்டுகிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம். எனக்கு அழைப்பு வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன்.

தாங்கள் ஏன் தனியாகச் சாப்பிடுகிறீர்கள் என்று என் மனைவி கேட்கச் சொன்னாள். இப்போது மூன்றாவது முறை கேட்கிறாள்.

அன்புடன்
சம்பந்தி

*

நான் சம்பந்திக்கு, மார்ச் 6

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சம்பந்தி அம்மா கேட்டதற்குப் பதில்: பாலில் நனைத்த ரொட்டி சாப்பிடுகிறேன். எனக்கு அது போதும். சமையலில் குறை ஒன்றும் இல்லை. மருமகள் காலையிலிருந்து கிளினிக்கில் நிற்கிறாள். அவளை எதற்கும் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் சில விஷயங்களை வாய் திறந்து சொல்ல முடிவதில்லை. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

நேற்று எனக்கு அரையாண்டுப் பரிசோதனை. பல்லின் மேல் ஒரு சிறு குச்சியை வைத்து, "கடிங்க மாமா" என்றாள். கடித்தேன். "வலிக்குதா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். குச்சியை வேறு பக்கம் நகர்த்தி மறுபடி கடிக்கச் சொன்னாள். இப்படி நான்கு முறை. நான்கு முறையும் இல்லை என்றேன். கண்ணில் கொஞ்சம் நீர் வந்தது. மேலே இருந்த விளக்கால் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் எக்ஸ்ரே எடுத்து வெகுநேரம் பார்த்தாள். இன்னொரு பெரிய படம் எடுக்க வேண்டும், நாளை வாருங்கள் என்றாள். நாளை எனக்குத் தபால் நிலையத்தில் வேலை என்றேன். அது பொய் இல்லை. இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

மாநாட்டில் என் பல் வேண்டாம் என்ற விண்ணப்பத்தைத் தாங்கள் மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

தங்கள்
சம்பந்தி

*

சம்பந்தி எனக்கு, ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய ஐயா,

நலம். நலம் அறிய விருப்பம்.

தங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் என் மனைவி, "கோபமா எழுதாதீங்க, நாம பொண்ணைக் கொடுத்தவங்க" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். இன்று அவளே பேனாவை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாள்.

இரண்டு கடிதங்களையும் வரி வரியாகப் படித்தோம். தனியாகச் சாப்பிடுகிறீர்கள். பாலில் நனைத்த ரொட்டி. வாய் திறந்து எதையும் சொல்ல முடியவில்லை. என் பெண் முன்னால் உட்கார்ந்து கண்ணீர் விட்டிருக்கிறீர்கள். அவள் மேடையில் தங்கள் பல்கூட இருக்கக்கூடாது என்கிறீர்கள். "சமையலில் குறை ஒன்றும் இல்லை" என்ற வரி வந்ததும் என் மனைவி அழுதுவிட்டாள். குறை இல்லாத வீட்டிலிருந்து யாராவது குறை இல்லை என்று எழுதுவார்களா என்று கேட்கிறாள்.

இருபத்தெட்டு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். வண்டி எந்தப் பக்கம் போகப் போகிறது என்பது ஓட்டுகிறவனுக்கு முன்னால் பக்கத்து இருக்கையில் எனக்குத் தெரிந்துவிடும். என் பெண்ணிடம் குறை இருந்தால் நேராகச் சொல்லுங்கள். திருத்துவோம். இப்படிச் சொல்லாமல் சொல்வது படித்தவருக்கு அழகில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்

*

நான் சம்பந்திக்கு, ஏப்ரல் 30

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். தாங்களும் அம்மாவும் மனநலத்தோடும் உடல்நலத்தோடும் இருக்க வேண்டும் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் நினைப்பது எதுவும் நடக்கவில்லை. மருமகள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அழவைத்ததாக நான் எழுதவில்லை. கண்ணில் நீர் வந்ததாகத்தான் எழுதினேன். ரொட்டியை அவள் கொடுக்கவில்லை. நானே கடையில் வாங்கி என் அறையில் வைத்திருக்கிறேன். அதுவும் அவளுக்குத் தெரியாமல்தான். நாலு கிலோ எடை குறைந்திருப்பது உண்மை, ஆனால் என் வயதில் அது நல்லது என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அவள் என்னைக் கையால் தொட்டதுகூட அந்த நாற்காலியில் மட்டும்தான்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் நினைத்தபடி அமையவில்லை. ஆனால் எல்லாம் உண்மை என்பதால் அடிக்காமல் அனுப்புகிறேன்.

அவள் தங்கமான பெண். பல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். படத்திலிருந்து, என்று பொருள்.

தங்கள் உண்மையுள்ள
சம்பந்தி

*

சம்பந்தி எனக்கு, மே 9

ஐயா,

நலம் விசாரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். நலமா?

"அவளுக்குத் தெரியாமல்தான்" என்ற இடத்தில் என் மனைவி பெட்டியை எடுத்துவிட்டாள். இருபத்தொன்றாம் தேதி காலை பஸ்ஸில் அங்கே வருகிறாள்.

நான் என் பெண்ணுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அப்பா, இங்க சண்டை ஒண்ணும் இல்ல. ஆனா மாமா என்கிட்ட எதையோ மறைக்கிறார். செவ்வாய்க்கிழமையானா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு மத்தியானம் எங்கேயோ போறார். கேட்டா காத்து வாங்கப் போனேங்கறார். நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க."

தனியாகச் சாப்பாடு. உடம்பு இளைப்பு. செவ்வாய்க்கிழமை இஸ்திரிச் சட்டை. சம்பந்தி, நான் பழைய காலத்து மனிதன் இல்லை. தங்கள் மனைவி போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அந்த அம்மா யார் என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் நான் பக்குவமாகப் பேசுகிறேன்.

சம்பந்தி

*

நான் சம்பந்திக்கு, மே 14

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

நலம். அந்த அம்மா என்று யாரும் இல்லை. அவர் ஒரு ஆண், வயது நாற்பத்தைந்து இருக்கும், பல் டாக்டர். எழுதிவிட்டேன். இனி மறைத்துப் பயனில்லை.

மருமகள் கட்டிய பல் மூன்று மாதமாக வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுதலாம் என்றால், கடித்தால்தான் பொறுக்க முடியவில்லை. ஊருக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் அந்த டாக்டர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் நான் போனது அவரிடம்தான். அவர் பெயர் கேட்டார், சொன்னேன். தொழில் கேட்டார், ஓய்வு என்றேன். மருமகள் யார் என்று அவர் கேட்கவில்லை.

அவர் பார்த்த முறையை வரிசையாக எழுதுகிறேன், தப்பிருந்தால் அது என் ஞாபகத்தின் தப்பு. முதலில் குச்சி வைத்துக் கடிக்கச் சொன்னார். வலிக்கிறது என்றேன். பிறகு ஈறில் சீழ் கோத்த சின்னப் பரு ஒன்று இருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். பிறகு கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்தார். இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் ஒன்பது என்றார். அங்கிருந்து ஒரு நூல் தள்ளியதும் மறுபடி இரண்டு. தெருவில் நூறு அடிக்குக் காய்ந்த மண்ணாக வந்து ஒரே இடத்தில் கம்பி உள்ளே இறங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி ஒரு நிழல். விரிசல் தெரியவில்லை. பெரிய படமும் எடுத்தார். உள்ளே இருக்கும் உலோகக் கம்பி எக்ஸ்ரே கதிரைச் சிதறடிப்பதால் அதிலும் நிச்சயமில்லை. "வேர்ல விரிசல் இருக்கணும். ஈறைத் திறந்து பார்த்தாத்தான் உறுதி. இருந்துச்சுன்னா பல்லை எடுத்துடணும் ஐயா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இதைக் கேளுங்கள். எழுந்திருக்கும்போது அவர், "வேர் சிகிச்சை யார் செஞ்சாங்க? ரொம்ப சுத்தமான வேலை" என்றார். வாய் மரத்திருப்பதாக ஜாடை காட்டினேன். அப்போது அவர் மேசையில் மாநாட்டு அழைப்பிதழ் இருந்தது. அவரும் வருகிறார். மருமகள் மேடையில் நின்று, இது விரிசல் இல்லாத பல் என்று என் பல்லைக் காட்டுவாள். இருநூறு டாக்டர்கள் நடுவில் அவர் எழுந்து, இல்லை அம்மா, இதில் ஒன்பது இருக்கிறது என்பார். அவள் பெயர் என்ன ஆகும்? அதனால்தான் அந்தப் படம் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

சம்பந்தி அம்மாவைப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். என்னை மன்னிக்கவும் சொல்லுங்கள்.

தங்கள்
சம்பந்தி

*

சம்பந்தி எனக்கு, மே 19

என் அருமை அருமைச் சம்பந்திக்கு,

பல்லா? வெறும் பல்தானா? என் மனைவி பெட்டியைப் பிரித்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். அந்த அம்மா இல்லை என்பதில் அவளுக்கு லேசான ஏமாற்றம்கூட என்று நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். படத்தை எடுக்கச் சொல்லி நான் அவளிடம் பேச மாட்டேன். ஏன் என்று கேட்பாள். எனக்குப் பொய் வராது, தங்களைப் போல உண்மையை மட்டும் வைத்து ஏமாற்றவும் தெரியாது. தாங்களே போய்ச் சொல்லுங்கள். எனக்கும் அவள்தான் பல் கட்டினாள். ஒருநாள் சுருக்கென்றது, அடுத்த நிமிடம் போன் போட்டுக் கத்தினேன். அவள் திட்டினாள், நான் திட்டினேன், மறுவாரம் சரியாகிவிட்டது. பத்து நிமிட வேலை.

கிளட்சை மிதித்துக்கொண்டே எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? விடுங்கள், வண்டி நகரட்டும்.

அன்புடன்
சம்பந்தி

*

நான் சம்பந்திக்கு, ஜூன் 11

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

தாங்கள் சொன்னபடி சொல்ல முயன்றேன். முதல் நாள் நோயாளிகள் அதிகம். அடுத்த நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள், கெடுக்க மனம் வரவில்லை. அதற்கடுத்த நாள் சோர்வாக இருந்தாள், மேலும் பாரம் ஏற்ற மனம் வரவில்லை. பிறகு ஒருநாள் சந்தோஷமும் இல்லாமல் சோர்வும் இல்லாமல் இருந்தாள். கிளினிக்குள் போய் நாற்காலியில் நானே ஏறிப் படுத்துவிட்டேன். "என்ன மாமா, ஏதாவது சொல்லணுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டில் வரிசையாகக் கருவிகள் இருந்தன. கடைசியில் ஒரு குறடு. அந்தக் கைகழுவும் குழாய் சொட்டுகிறது என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப அதைச் சரிபண்ணுங்க" என்றாள். சரிபண்ணிவிட்டேன். இப்போது சொட்டுவதில்லை.

பெரிய படம் எடுக்க மறுபடி இரண்டு முறை கூப்பிட்டாள். ஒருநாள் வயிறு சரியில்லை என்றேன், ஒருநாள் உண்மையிலேயே சரியில்லை. மாநாட்டில் என் பல்லைக் காட்டலாமா என்று சம்மதமும் கேட்டாள். உன் இஷ்டம்போல் காட்டம்மா என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வீட்டில் சந்தேகம் வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை வெளியே போவதை நிறுத்திவிட்டேன்.

தங்கள்
சம்பந்தி

*

சம்பந்தி எனக்கு, ஜூன் 20

சம்பந்திக்கு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறேன். தங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். குழாய் வந்த இடத்தில் எழுந்து போய்விட்டாள்.

மாநாடு பன்னிரண்டாம் தேதி. எங்களுக்கு அழைப்பு இல்லை, டாக்டர்களுக்கும் உள்ளூர்க் குடும்பத்துக்கும்தானாம். தாங்கள்தான் அங்கே உட்காரப் போகிறீர்கள். என் பெண் தலைகுனிந்தால் அதைப் பார்க்கப் போவதும் தாங்கள்தான். அதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை.

சம்பந்தி

*

நான் சம்பந்திக்கு, ஜூலை 20

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

அனைவரும் நலம். இதைக் கொஞ்சம் வாய் வீங்கிய நிலையில் எழுதுகிறேன். எழுத்துக்கு வாய் தேவையில்லை என்பது ஆறுதல்.

பன்னிரண்டாம் தேதி காலைவரை நான் சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு வரிசை பின்னால் ஊருக்கு அந்தப் பக்கத்து டாக்டர். மருமகள் மேடை ஏறினாள். தங்கள் பெண் பேசியதைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள், வலி, பரு, ஆழம், நிழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், சந்தேகம் தீராவிட்டால் திறந்து பாருங்கள் என்று அடுக்கினாள். இருபது பற்கள் போயின. பிறகு விரிசல் இல்லாத பல் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகன் முழங்கையால் இடித்தான். திறந்து பார்த்தால் அது என் பல் இல்லை. யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்.

அதற்கு அடுத்து வந்ததுதான் என் பல். இருபத்தொன்றாவது.

"இந்த நோயாளியைக் குச்சி வெச்சு நாலு தடவை கடிக்கச் சொன்னேன். நாலு தடவையும் வலிக்கலன்னார். ஆனா நாலு தடவையும் அவர் கால் கட்டைவிரல் மடங்குச்சு. மரியாதைக்காரங்க வாயை நம்பாதீங்க, காலைப் பாருங்க" என்றாள். அரங்கம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? மார்ச் மாதமே அவள் என் நோய்க் குறிப்பில் கட்டைவிரலை எழுதி வைத்திருக்கிறாள். அன்றைய எக்ஸ்ரேயிலேயே நிழலைப் பார்த்துவிட்டாளாம். அதற்குத்தான் பெரிய படம் எடுக்க அத்தனை முறை கூப்பிட்டிருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேநீர் இடைவேளையில் அந்த டாக்டர் கோப்பையோடு எங்களிடம் வந்தார். "ஐயா, நீங்களா? அப்புறம் வரவே இல்லையே. வலி எப்படி இருக்கு?" என்றார். மருமகள் கையில் இருந்த பிஸ்கட் அப்படியே நின்றது.

வீடு திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது பேசினாள். "வேர் சிகிச்சை செஞ்ச பல்லு உடையும் மாமா. அதைத்தான் ஒரு மணி நேரமா மேடையில சொன்னேன். அதுல எனக்கு ஒரு அவமானமும் இல்ல. ஆனா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ரெண்டு பஸ் ஏறிப் போய் யாரோ ஒருத்தர்கிட்ட வலிக்குதுன்னு சொல்லியிருக்கீங்க" என்றாள். விளக்கு பச்சையாகிவிட்டது. மகன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கும் ஒரு ஜன்னல் இருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, யாரும் வருவதற்குமுன், என்னை நாற்காலியில் படுக்கவைத்தாள். மரக்க ஊசி போட்டாள். ஈறைத் திறந்து நீலச் சாயம் தடவிக் கழுவினாள். கண்ணாடியைப் பிடித்து, "பாருங்க" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பிறகு பார்த்தேன். வேரின் மேல் நெடுக ஒரு நீலக் கோடு, தலைமுடியைவிட மெல்லிசு. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமாக ஒரு கசிவை நான் கண்டதில்லை. அதை அவளிடம் சொல்ல நினைத்தேன். வாயில் அவள் விரல் இருந்தது.

பல் வெளியே வரப் பதினோரு நிமிடம் ஆனது. நடுவில் "வலிக்குதா மாமா?" என்றாள். இல்லை என்று கையசைத்தேன். அவள் நம்பவில்லை; எழுந்து என் கால்மாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உண்மையிலேயே வலிக்கவில்லை.

சம்பந்தி அம்மாவிடம் சொல்லுங்கள்: நேற்றிலிருந்து மேசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிடுகிறேன். வலப்பக்கமாக.

தங்கள்
சம்பந்தி

*

சம்பந்தி எனக்கு, ஜூலை 29

அருமைச் சம்பந்திக்கு,

வீக்கம் வடிந்ததா? இங்கே இருவரும் நலம்.

என் பெண் போன் செய்தாள். "அப்பா, மாமா பல்லு விஷயம் உங்களுக்கு மே மாசமே தெரியுமா?" என்று கேட்டாள். கேட்கவில்லை, சத்தமாகப் பேசு என்றேன். சத்தமாகக் கேட்டாள். லைன் சரியில்லை என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தக் காதால் எனக்கு ஒரு நன்மை.

கடிதங்களை எல்லாம் தன் மாமனாருக்கே அனுப்பச் சொன்னாள், அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. என் மனைவி அழுத இடத்தில் மை கொஞ்சம் கலைந்திருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

அன்புடன்
சம்பந்தி

*

பிரதி எடுத்து முடித்துவிட்டேன். மருமகளிடம் கொடுப்பதற்குமுன், வழக்கப்படி, முதலில் எழுதிய குறிப்புகளைக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதல் குறிப்பு சரி. மூன்றும் நான்கும் ஐந்தும் சரி. இரண்டாவதில் நின்றுவிட்டேன். அவள் மனம் நோகக்கூடாது என்பதே காரணம் என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது அதை முழுதாக நம்பித்தான் எழுதினேன். ஆனால் அந்தப் பக்கத்து டாக்டர் எனக்கு உறவில்லை. அவர் மனம் நோக என்னிடம் ஒன்றும் இல்லை. அவரிடம் வலிக்கிறது என்று தைரியமாகத்தான் சொன்னேன். அவர் பல்லை எடுக்க வேண்டும் என்று சொன்ன நாளுக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைகூட அங்கே போகவில்லை. வீட்டில் சந்தேகம் வேண்டாம் என்று நிறுத்தியதாகச் சம்பந்திக்கு எழுதினேன். அந்த ஜூன் மாதத்தில் வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை, எல்லோருக்கும் என் பல் வலி தெரிந்தே இருந்தது.

எனக்குப் பல் பிடுங்கப் பயம். எழுபத்து மூன்று வயதில், அந்தக் குறட்டைப் பார்த்துப் பயம். மருமகளின் மனத்தை அதற்குமேல் போர்த்தி வைத்திருந்தேன்.

இரண்டாவது குறிப்பு தவறு.